வெல்ஷ் தெரிந்தவன்

கதிரையில் உட்காருவதற்கு முன் அவன் அதை விசாரிப்பான்.

"உது எங்கயிருந்து வந்தது எண்டு தெரியுமோ? போர்த்துக்கேயன்ர கப்பலில வந்தது. யன்னலும் அப்பிடித்தான், அலுமாரியும் அப்பிடித்தான், உங்கட காலில கிடக்கிற சப்பாத்தும் அப்பிடித்தான். வந்து எத்தினை தலைமுறை. இப்ப போய் ஒரு கதிரையிட்ட, நீ எந்த ஊர், ஏன் வந்தனி எண்டு ஆராவது கேக்கினமோ?"

கேட்டுவிட்டுத்தான் உட்காருவான். கதிரை பதில் சொல்லாமல் அவனைத் தாங்கிக்கொள்ளும்.

சுவிசில், நொஷாட்டல் என்ற ஊரில் ஏரியைப் பார்த்தபடி மேட்டில் ஒரு முதியோர் இல்லம். அதன் சமையலறையில் நான் மரக்கறி வெட்டும் மேசையில் நிற்பேன். அவன் பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் வாயில் நிற்பான். இயந்திரம் திறக்கும்போதெல்லாம் வெள்ளை ஆவி எழும்பி அவனை விழுங்கும். ஆவிக்குள்ளிருந்து குரல் மட்டும் வரும். பீங்கான் எங்கயிருந்து வந்தது. பாண் எங்கயிருந்து வந்தது. எந்தப் பாதையால் வந்தது, யார் கூட்டிக்கொண்டு வந்தது, இடையில் எந்த நாட்டில் தங்கியது, ஏன் திரும்பிப் போக முடியாது. எல்லாம் அவனிடம் கேட்கப்பட்ட கேள்விகள். அகதி விசாரணை அறையில் அவனுக்குக் கிடைத்தவை அவை மட்டும்தான். அவன் அவற்றைப் பத்திரமாக வைத்துக்கொண்டான். பிறகு கண்ணில் பட்ட சொல்லையெல்லாம் கதிரையில் இருத்தி அதே கேள்விகளைக் கேட்டான்.

அவன் சொன்னதில் பாதி பிழை. கோப்பை என்ற சொல்லை ஒல்லாந்தன் கொண்டுவந்தான் என்று ஒரு குளிர்காலம் முழுக்கச் சாதித்தான். என் மகள் ஆரணி, அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை, அதுவும் போர்த்துக்கேயம்தான் என்று கைபேசியில் எடுத்துக் காட்டினாள். "உந்தப் போனை ஆர் விசாரிச்சது?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனை அறிவாளி என்று யாரும் நினைக்கவேண்டாம். அறிவாளிக்குச் சொற்களின் மேல் ஆசை இருக்கும். இவனுக்கு இருந்தது சந்தேகம். ஏதோ ஒரு சொல் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது, அதை எப்படியும் பிடித்துவிடுவேன் என்ற வெறி. மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடப் பார்க்கும் களைத்த மனிதர்களுக்கு அது பெரிய அலுப்பு. எங்கள் ஆட்கள் அவனைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கம் போவார்கள். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. வெல்ஷ் என்பார்கள். வெல்ஷ் வாறான், கதவைச் சாத்து.

அந்தப் பெயருக்கு அவன் ஒருநாளும் திரும்பியதில்லை. கடைத்தெருவில் பின்னால் நின்று எத்தனை தரம் கூப்பிட்டாலும் கழுத்து அசையாது.

என்னை அவன் அக்கா என்று கூப்பிடவில்லை. பத்து வயது மூத்தவள் நான். முன்பின் தெரியாத பெண்ணைக்கூட எங்கள் ஆட்கள் வாய் நிறைய அக்கா என்பார்கள். அவனுக்கு நான் "ஆரணியின்ர அம்மா". ஒருநாள் கரட் சீவிக்கொண்டிருக்கும்போது நானாகவே அதைக் கேட்டுவிட்டேன். ஆவி வடியும்வரை பொறுத்துப் பதில் சொன்னான்.

"கோவிக்காதேங்கோ. எனக்கு அக்கா ஒராள்தான். அவ கூரில இருக்கிறா."

கூர். எங்கள் பாஷையில் அது கத்தியின் முனை. இந்த நாட்டில் அது கிழக்கே மலைகள் நெருங்கி நிற்கும் ஒரு ஊர். நாங்கள் மேற்கு ஓரம், அவள் கிழக்கு ஓரம். தாய் நோயாளி என்பதால் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அந்த அக்கா. கலியாணம் கட்டி முதலில் இங்கே வந்தவளும் அவள்தான். தாயும் தகப்பனும் யுத்தத்தின் கடைசி மாதங்களில் வன்னியில் ஒரே பதுங்குகுழிக்குள் போய்ச் சேர்ந்தார்கள். அதன் பிறகு அவனுக்கு உலகத்தில் மிச்சம் இருந்தவள் ஒருத்தி. அவள் இருக்கிற ஊரில் தானும் இருக்கவேண்டும். வேறு ஒரு ஆசையும் அவன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. சாப்பாட்டில் ருசி கேட்கமாட்டான். கலியாணப் பேச்சு எடுத்தால் எழும்பிப் போய்விடுவான். அவள் இருக்கிற தெருவுக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு அறை, அவ்வளவுதான்.

அது கிடைக்காமல் போனதற்கு ஒரு சொல்தான் காரணம் என்று அவன் நம்பினான்.

கதை இதுதான். எத்தனையோ தரம் கேட்டதால் என்னால் அவன் குரலிலேயே சொல்ல முடியும். யுத்தம் முடிவதற்குச் சில வருடம் முன்பு மாணவர் விசாவில் இங்கிலாந்துக்குப் போனவன். சேர்ந்த கல்லூரி படிப்பு முடிய முதலே மூடப்பட்டது. வேல்ஸ் என்ற பகுதியின் வடமேற்கு மூலையில், கடலோரச் சின்ன ஊர் ஒன்றில், எங்கள் ஆள் ஒருவரின் பெற்றோல் நிலையத்தில் வேலைக்கு நின்றான். முதலாளி லண்டனில். இவன் அங்கே தனியே, மழையோடு. அந்த ஊர்ச் சனம் கடைக்குள் வந்து கதைத்தது ஆங்கிலம் இல்லை. அவர்களுடைய சொந்தப் பாஷை, வெல்ஷ். "இங்கிலிஷ் பழகப் போனனான். அதைக் கதைக்க அந்த ஊரில ஆள் வேணுமே" என்பான். பால், மழை, டீசல், நாளைக்கு வாறன் என்று தொடங்கி, ஒரு வருடத்தில் அவன் நாக்கு அந்தப் பாஷைக்குள் இறங்கிவிட்டது.

பிறகு வன்னிச் செய்தி வந்தது. விசா முடிந்தது. அக்காவிடம் போவதென்று முடிவெடுத்து, ஏஜென்சிக்காரன் ஒருவன் மூலம் லொறியில் சுவிசுக்கு வந்தான். வரும்போது ஏஜென்சிக்காரன் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருக்கிறான்: இங்கிலாந்து என்ற சொல்லே வாயில் வரக்கூடாது, வந்தால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே விசாரணையில் என்னென்ன பாஷை தெரியும் என்று கேட்டபோது இவன் ஆங்கிலத்தை விழுங்கினான். தமிழ் என்றான். இன்னும் ஏதாவது என்று கேட்டார்கள். ஒன்றுமே தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற வெட்கம். ஒரு உண்மையாவது சொல்லுவோம், அது இங்கிலாந்தோடு ஒட்டாத உண்மையாக இருக்கட்டும் என்று யோசித்து, "வெல்ஷ் தெரியும்" என்றான்.

மொழிபெயர்க்க இருந்தவர் எங்கள் ஆள். ஜெர்மன் பேசும் பக்கத்தில் இருபது வருடம் இருந்தவர். அந்தப் பக்கத்து ஆட்கள் இந்த நாட்டின் பிரெஞ்சுக்காரர்களை வெல்ஷ் என்றுதான் சொல்வார்கள். பிரெஞ்சும் வெல்ஷ், பிரெஞ்சு பேசும் பக்கமும் வெல்ஷ் பக்கம். அவர் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. அதிகாரியைப் பார்த்து, இவருக்குப் பிரெஞ்சு தெரியும் என்றார். அதிகாரி முகம் மலர்ந்து ஏதோ சொன்னாராம். இவனும் மலர்ந்தான். கெட்டித்தனமாகப் பதில் சொல்லிவிட்டேன் என்று நினைத்தானாம். கூருக்குப் பக்கத்தில் போடுங்கோ என்று கேட்டுவிட்டு எழும்பினான். சில கிழமையில் அவனை நொஷாட்டலில் கொண்டுவந்து இறக்கினார்கள். பிரெஞ்சுப் பக்கம். ஒரு சொல் விளங்காத ஊர்.

அகதிகளை மாநிலங்களுக்குப் பிரிக்கிறது கணக்குப்படிதான், பாஷை பார்த்து இல்லை என்று சமூக சேவகி ஒருத்தி அவனுக்கு எடுத்துச் சொன்னாள். நானும் சொன்னேன். எனக்கும் வந்தபோது அப்படித்தான் நடந்தது. அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

"கணக்கால வந்ததெண்டா நான் ஆரோட கோவிக்கிறது?" என்று கேட்டான்.

 மனிதனுக்குக் கோபிக்க ஒரு முகம் வேண்டும். அவனுக்கு அந்த மொழிபெயர்ப்பாளரின் முகம் இருந்தது. மூக்குக்கண்ணாடி, வழித்த தாடை, மேசையில் ஒரு தண்ணீர்ப் போத்தல். அந்த முகத்தின் சூட்டில்தான் அவன் குளிர்காலங்களைக் கழித்தான்.

மாநிலம் மாறக் கேட்டு எழுதினான். குடும்பத்தோடு சேர்ந்திருக்க என்றால் விடுவார்கள். ஆனால் குடும்பம் என்றால் புருசன், மனைவி, பதினெட்டு வயதாகாத பிள்ளைகள். அக்கா குடும்பம் இல்லை. மறுபடி எழுதினான். மறுபடியும் அக்கா குடும்பம் இல்லை. அன்றைக்கு இயந்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு குடும்பம் என்ற சொல்லை விசாரித்தான். எங்கிருந்து வந்தது, யார் யாரைக் கூட்டிக்கொண்டு வந்தது, யாரை வழியில் இறக்கிவிட்டது. அவன் குரலில் பகிடி இல்லை. நான் வெங்காயத்தை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டேன், கண்ணுக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் நடுவில் அவன் விசாரிக்காமல் விட்ட சொல் ஒன்று உண்டு. அதை மட்டும் அவன் எழும்பி நின்று வரவேற்பான். கம்ரோ.

அந்த வேல்ஸ் ஊரில் ஒரு கிழட்டு விவசாயி தினமும் விடியவே டீசலுக்கும் பேப்பருக்கும் வருவாராம். சிரிக்கவே மாட்டாராம். இவன் உச்சரிப்பைத் திருத்துவதற்காகவே வந்தமாதிரி நிற்பாராம். ஒரு மழைநாள், இரண்டுபேரும் கல்லாவில் நின்று கதைத்துக்கொண்டிருக்க, விடுமுறைக்கு வந்த இங்கிலிஷ்காரன் ஒருவன் வரிசையில் நின்று முணுமுணுத்திருக்கிறான். தனக்கு விளங்கக்கூடாதென்றுதான் இவங்கள் இந்தப் பாஷையில் பேசுறாங்கள் என்று. அவன் போன பிறகு கிழவர் இவனை முதல்தரம் நேராகப் பார்த்து, நீ கம்ரோ என்றாராம். பேப்பரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மழைக்குள் போய்விட்டாராம்.

"கம்ரோ எண்டா வேல்ஸ்காரன் எண்டு வெறுமனே நினைக்காதேங்கோ" என்பான். "கம் எண்டா சேந்து. ப்ரோ எண்டா நிலம், எல்லை. ஒரே எல்லைக்குள்ள சேந்து இருக்கிறவன். ஊரவன். தங்களைத் தாங்கள் அவை அப்பிடித்தான் சொல்லுறது."

அந்தப் பாஷையில் சொல்லின் முதல் எழுத்து, முன்னால் வருகிற சொல்லைப் பார்த்து மாறுமாம். என்னுடைய என்று முன்னால் வந்தால் க இல்லாமல் போய் ங வந்து நிற்கும். என்னுடைய ஊரவன் என்றால் ஙம்ரோ. இதைச் சொல்லும்போது மட்டும் அவன் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வரும்.

"அரிவரியில அடிவாங்கி எழுதிப் பழகின எழுத்து. பேந்து ஒருநாளாவது அதில ஒரு சொல்லுத் தொடங்கி எழுதினீங்களோ? இல்லையே. அது செத்துப்போச்செண்டு நினைச்சம். வேல்ஸில உயிரோட இருக்குது."

ஸ்டேசனடித் தமிழ்க் கடை அண்ணைக்கு இதைச் சொல்லப்போய்ப் பெரிய சண்டை. உலகத்துப் பாஷை எல்லாம் தமிழில் இருந்து புறப்பட்டது என்பது கடைக்கார அண்ணையின் கட்சி. கம்ரோ என்றால் வேறென்ன, கமம் செய்யிறவன், எங்கட கமக்காரன்தான் கப்பலேறிப் போய் அங்கே வயல் பிடிச்சிருக்கிறான் என்று முருங்கைக்காய் கட்டிக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இவன் வாங்கின அரிசி மூட்டையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே போனான். அவனுக்கு இருந்த ஒரே ஒரு ஊரையும் இன்னொருவன் தன் பெயருக்குக் காணி உறுதி எழுதி முடித்த மாதிரி இருந்திருக்கும்.

ஒருதரம் ஜெர்மன் பக்கத்தில் ஆரா என்ற ஊரில் ஒரு கலியாண வீட்டுக்கு நாங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து போனோம். மண்டபத்தில் சாப்பாட்டு வரிசை. சோற்றுக்குப் பக்கத்தில் வடைத் தட்டோடு நின்றவரைக் கண்டதும் இவன் என் கையைப் பிடித்தான். அவர்தான். மூக்குக்கண்ணாடி, வழித்த தாடை. பெண்ணின் சித்தப்பாவோ யாரோ. வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. இவன் என் கையை விட்டு, தட்டை இடது கைக்கு மாற்றினான். அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். அவர் முன்னால் போய் நின்றதும் மெதுவாகக் கேட்டான்.

"அண்ணை, வெல்ஷ் எண்டா என்ன?"

அவர் சந்தேகத்தோடு பார்த்தார். பிறகு புது ஆள், நாடு தெரியாத பொடியன் என்று நினைத்தார் போல. முகம் இளகிவிட்டது. "பிரெஞ்சுக்காரரைத்தான் தம்பி இஞ்ச அப்பிடிச் சொல்லுறது. ஏன், ஆராவது பேசினவங்களோ?" என்றார். இவனுடைய தட்டைப் பார்த்து, மெலிஞ்சு போயிருக்கிறீர், வடிவாச் சாப்பிடும் என்று இன்னொரு வடையும் வைத்தார். அவருக்கு இவனைச் சுத்தமாக நினைவில்லை. எத்தனை பேருக்கு வாயாக இருந்திருப்பார், எந்த முகத்தை வைத்திருப்பார்.

 திரும்பி வந்து ரயிலால் இறங்குகிற இடத்தில் சொன்னான். "எங்கட ஆளெண்டபடியாத்தான் நம்பினனான்." அந்த வடையைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்திருந்தான். ஸ்டேசன் குப்பைத்தொட்டியில் போட்டான். வெகு கவனமாக, எறியாமல், கையை உள்ளே விட்டு வைத்தான்.

கூரில் அவன் அக்கா ஒரு பேக்கரியில் வேலை. அந்தப் பக்கத்துப் பேர்போன கேக், உள்ளே வால்நட்டும் காய்ச்சின சீனியும் வைத்து மூடியது, மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு வருடாவருடம் தபாலில் வரும். அவன் அதைத் தன் அறையில் வெட்டமாட்டான். எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, பெட்டியின் மேல் அக்கா கையால் எழுதிய தன் பெயரைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரே அளவில் துண்டு போடுவான். உறவினர் வீட்டில் செய்கிற மாதிரி. அந்த ஒரு நாள் மட்டும் அவன் எங்களுக்கு நெருங்கியவனாக இருப்பான்.

அந்த வருடம் ஆரணி பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிக்கத் தொடங்கியிருந்தாள். ஒரு துண்டை வாயில் வைத்துக்கொண்டு, "மாமா, உந்த வால்நட்டும் நீங்கள்தான்" என்றாள்.

என்ன என்று சிரித்தான்.

அவளுக்குப் பெருத்த சந்தோசம். மாமாவுக்குப் பிடித்த விசயம், அவருக்காகவே தேடி எடுத்தது. வால்நட்டின் வால் என்பது பழைய ஜெர்மன் சொல். வெளியான், அந்நியன். அந்நியர் நாட்டிலிருந்து வந்த கொட்டை என்பதால் அந்தப் பெயர். முதலில் ஏதோ ஒரு பக்கத்து இனத்தின் பெயராக இருந்ததாம். பிறகு தங்களுக்குப் பேச்சு விளங்காத அயலவர் எல்லாருக்கும் அதையே வைத்துவிட்டார்கள். ஜெர்மன் பேசினவர்கள் தெற்கே பிரெஞ்சுக்காரரைப் பார்த்து அதைச் சொன்னார்கள், அது வெல்ஷ் ஆனது. அதே ஆட்களில் ஒரு பகுதி கடல் தாண்டிப் போய் அந்தத் தீவில் ஏற்கெனவே இருந்த சனத்தைப் பார்த்து அதையே சொன்னார்கள், அதுவும் வெல்ஷ் ஆனது. விளங்காத பேச்சை ஜெர்மன்காரர் கவுடர்வெல்ஷ் என்பார்களே, அது கூர்ப் பக்கத்து ஆட்கள் முந்திப் பேசின பாஷைக்கு வைத்த பேர் என்றுகூட ஒரு விளக்கம் இருக்கிறதாம்.

"அக்கான்ர ஊரும் அதுக்குள்ளயோ" என்றான். இன்னும் சிரிப்பு முகத்தில் இருந்தது. அதை எடுத்து வைக்க இடம் தேடுகிறவன் போல இருந்தான்.

"பாருங்கோ மாமா, அவை தங்களைக் கம்ரோ எண்டுதான் சொன்னவை. பக்கத்து வீட்டுக்காரன் அந்நியன் எண்டு பேர் வைச்சிட்டான். உலகம் பக்கத்து வீட்டுக்காரன் வைச்ச பேரை எடுத்திட்டுது."

கத்தியைக் கீழே வைத்தான்.

"அப்ப ரெண்டும் ஒரே சொல்லு."

"ஓம் மாமா. ஒரே சொல்லு."

"அப்ப அந்த ஆள் பிழையாச் சொல்லேல்லை."

"ஆர் மாமா?" என்று ஆரணி கேட்டாள். மொழிபெயர்ப்பாளர் கதை அவளுக்குத் தெரியும், ஆனால் அது அங்கே வந்து முட்டும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. நான் கண்ணைக் காட்டினேன். பிந்திவிட்டது.

அவன் மீதித் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு விசாரணையில் என்னென்ன பாஷை தெரியும் என்று கேட்டார்கள். நான் அந்நியன் என்று தன் வாயாலேயே சொன்னான். அவர் சரியாக மொழிபெயர்த்தார். அந்நியன் என்று விளங்கிக்கொண்டார்கள். எங்கேயும் ஒரு தவறும் நடக்கவில்லை. இத்தனை வருடமும் ஒரு பிழையின் மேல் ஏறி நின்றவன் அவன். அந்தப் பிழையை உருவி எடுத்தது என் மகள், வாயில் கேக்கோடு, அன்பாக.

அடுத்த நாளிலிருந்து சமையலறையில் ஆவி மட்டும்தான் வந்தது. தட்டுகள் போயின, வந்தன. ஒரு சொல்லும் விசாரணைக்குக் கூப்பிடப்படவில்லை. அந்த அலுப்புக் கேள்விகளிலிருந்து விடுதலை கிடைத்ததில் மற்றவர்களுக்கு நிம்மதி. எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. ஒரு வீட்டில் சண்டைக்காரன் செத்துப்போன பிறகு வருகிற அமைதி அது. ஒருதரம் நானாகவே, தம்பி, இந்த அகப்பை எங்கேயிருந்து வந்தது என்று கேட்டுப் பார்த்தேன். "ஆருக்குத் தெரியும்" என்றான்.

காலம் போனது. மேலும் சில குளிர்காலம். அவனுக்கு ஒழுங்கான வதிவிட அனுமதி கிடைத்தது. கேட்ட ஊரில் வேலை எடுத்து இருக்கலாம் என்ற நிலை வந்தது. கூரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இடம் கிடைத்ததும் இரண்டு பையோடு புறப்பட்டான். ஸ்டேசனில் நானும் ஆரணியும் நின்றோம். அவன் ஆசைப்பட்டது அவனுக்குக் கிடைத்துவிட்டது. அப்படித்தான் எங்களுக்குள் சொல்லிக்கொண்டு மேட்டில் ஏறினோம். அன்று ஏரி வெறும் தண்ணீராகக் கிடந்தது.

இரண்டு வருடம் கழித்து ஒரு கோடையில் அவனைப் பார்க்கப் போனேன். சூரிச் தாண்டி ரயில் ஒரு நீண்ட ஏரியின் கரையோடு ஓடும். வாலன்சே. அதுவும் அந்தச் சொல்தான் என்று ஆரணி புறப்படும்போது சொல்லி அனுப்பியிருந்தாள். அந்நியர் ஏரி. மறுகரையில் மலை செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்கி நின்றது. அவனும் இந்தப் பாதையால்தான் போயிருப்பான், இரண்டு பையோடு, அக்காவிடம். இந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பான். பார்த்துவிட்டு என்ன செய்திருப்பான் என்று யோசித்துக்கொண்டே போனேன். கூர் வந்துவிட்டது.

ஸ்டேசனில் நின்றான். உடம்பு வைத்திருந்தான். என் பையை வாங்கிக்கொண்டு, "பயணம் எப்பிடி அக்கா?" என்றான்.

அக்கா. எத்தனையோ வருடம் கேட்க ஆசைப்பட்ட சொல்.  கடைக்குப் போகிறவன் கடைக்காரியைக் கூப்பிடுகிற அக்கா அது. எல்லாருக்கும் பொதுவான, யாருக்கும் சொந்தமில்லாத அக்கா.

அவன் அறை அக்கா வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே கூட்டிக்கொண்டு போனான். அக்கா நல்ல மனுசி. என்னைக் கண்டதும் கையைப் பிடித்தாள், தம்பியைப் பார்த்துக்கொண்டதுக்கு என்று கண் கலங்கினாள். அத்தான்காரர் வேலை அலுப்பில் சோபாவில். இரண்டு பெடியன்கள், மீசை அரும்புகிற வயது, தங்களுக்குள் அந்தப் பக்கத்து ஜெர்மனில் வெட்டிவெட்டிப் பேசினார்கள். மாமன்காரனுக்கு அது பாதி விளங்கவில்லை. அவன் பதில் சொல்லும்போது பிரெஞ்சுச் சொல் முந்திக்கொண்டு வந்தது. அத்தனை வருடமும் வேலை செய்த நாக்கு. பெடியன்கள் ஒருவரையொருவர் பார்த்து உதட்டைக் கடித்தார்கள்.

அக்கா சிரித்துக்கொண்டே எனக்கு விளக்கினாள். ஹோட்டல் சமையலறையில் சூடான சட்டியோடு வரும்போது இவன் எங்கள் நொஷாட்டல் பழக்கத்தில் "ஷோ, ஷோ" என்று, சூடு சூடு என்பதைப் பிரெஞ்சில் கத்துவானாம். அங்கே ஒருவருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. முதல் நாளே பெரிய சமையல்காரர் பேர் வைத்துவிட்டாராம். அது அப்படியே வீட்டுக்கும் வந்துவிட்டது, பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். "சும்மா செல்லத்துக்குத்தான்" என்றாள். என்ன பேர் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

அவன் பல்கணியில் நின்றான், எங்களுக்கு முதுகு காட்டி. வீடுகளுக்குப் பின்னால் மலை. நான் எழும்பிப் போய் அவனுக்குப் பின்னால் நின்றேன். ஏதாவது சொல்லவேண்டும் போல் இருந்தது. என்னிடம் இருந்தது ஒன்றுதான், அவன் தந்தது. அரிவரியில் எழுதிப் பழகி ஒருநாளும் பாவிக்காத அந்த எழுத்தைத் தொண்டைக்குள் தேடி எடுத்தேன்.

"ஙம்ரோ" என்றேன்.

கேட்கும் தூரம்தான். கழுத்து அசையவில்லை. கீழே தெருவில் போன ஒரு பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். 

குசினிக்குள்ளிருந்து அக்கா கூப்பிட்டாள்.

"டேய் வெல்ஷா, தட்டுகளை எடுத்து வையடா."

"வாறன் அக்கா" என்று உடனே திரும்பினான். அந்த முகத்தில் ஒரு கேள்வியும் இல்லை.